மேற்கே கறுத்த மத்தியானம்

ஊரெல்லாம் மழை வேண்டிக் கும்பிடுகிற சித்திரை மாதத்தில், வேண்டாம் சாமி என்று கும்பிடுகிற கூட்டம் ஒன்று உண்டென்றால் அது தூத்துக்குடி உப்பளக் கூட்டம்தான். ஓட்டப்பிடாரத்துக்காரன் காய்ந்த நிலத்தில் நின்றுகொண்டு வானத்தைப் பார்த்துக் கையேந்துவான். கொஞ்சம் கிழக்கே தள்ளி நாங்கள் அதே வானத்தைப் பார்த்து, 'அங்கனயே பெய்ஞ்சு முடிச்சிரு, இந்தப் பக்கம் எட்டிப் பாக்காத' என்று கெஞ்சுவோம். சாமி யார் பேச்சைத்தான் கேட்பார் பாவம், இரண்டு பேரும் தேங்காய் உடைக்கிறோமே.

நான் உப்பு ஏற்ற லாரி பிடித்துக் கொடுக்கிற ஆள். பெயர் பிச்சையா. வீடு மில்லர்புரம், பிழைப்பு முத்தையாபுரத்துக்குத் தெற்கே இருக்கிற அளங்களில். அங்கே குத்தகைக்கு அளம் எடுத்து உப்பு விளைவிக்கிறவன் முத்துச்செல்வம். ஆள் குறைந்தால் தானே பாத்தியில் இறங்கி வாருபலகை பிடித்து உப்பை இழுப்பான். அதனாலேயே அவனை யாரும் முதலாளி என்று கூப்பிடுவதில்லை. அவன் வீட்டுக்காரி சந்தனச்செல்வி, ஏரல் பக்கம் ஆற்றுப்பாசன ஊர்ப் பெண். நாசரேத்தில் காலேஜ் படித்தவள். அவள் ஊரில் இடிச்சத்தம் கேட்டால் நாற்றுக்கட்டை வயலிலேயே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடுவார்களாம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

கல்யாணமாகி வந்த முதல் கோடையில் ஒரே மழையில் அவர்கள் குவித்து வைத்திருந்த உப்பு அம்பாரம் முழுக்கப் போயிற்று. உப்பு கரையும்போது சத்தம் வராது. சுவர் இடிந்தால்கூட ஒரு சத்தம் உண்டு, நாலு பேர் ஓடி வருவார்கள். இது காலையில் ஆள் உயரத்துக்கு மேல் நின்றது, பொழுது சாய்கையில் முழங்கால் உயரம், அவ்வளவுதான். முத்துச்செல்வம் வரப்பில் உட்கார்ந்துகொண்டு, கூப்பிட்டதற்குக்கூடத் திரும்பவில்லை. அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் சந்தனச்செல்வி மேகத்தின் பின்னால் போக ஆரம்பித்தாள்.

வீட்டில் ஒரு பழைய லேப்டாப் உண்டு. அடுப்படி மேடையில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு ரேடார் படம், சாட்டிலைட் படம், காற்றுப் படம் எல்லாம் பார்ப்பாள். ஒருநாள் நான் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

"அதுல என்னதான் தங்கச்சி தெரியுது?"

"காத்து தெரியுது அண்ணாச்சி. வெயிலு ஏற ஏறக் கடக்காத்து உள்ள போவும். மேக்க மலையில இருந்து இன்னொரு காத்து எறங்கி வரும். ரெண்டும் ஒரு எடத்துல முட்டும். முட்டுனா எங்க போவும்? பக்கத்துல போவ எடமில்ல, மேல ஏறிரும். அப்பிடி ஏறுகதுதான் இடிமேகம்."

"எங்கன முட்டும்?"

"அதத்தான் தெனமும் தேடுதேன். ஒருநா வல்லநாட்டு மலைகிட்ட முட்டும், ஒருநா இன்னும் கெழக்க வந்து முட்டும். அது எங்கன முட்டுதுங்கதுலதான் நம்ம உப்பு இருக்கு."

எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத இரண்டு காற்று எங்கேயோ முட்டிக்கொள்வதை, இந்தப் பிள்ளை ஒரு அடுப்பில் குழம்பைக் கொதிக்க விட்டுக்கொண்டு பார்க்கிறது! அன்றிலிருந்து வானத்தைப் பார்க்கும்போது எனக்கு ஒரு பயபக்தி வந்துவிட்டது, கோயில் கோபுரத்தைப் பார்ப்பது மாதிரி.

அளக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவள் பேசிப் போடுவாள். எழுதிப் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள். உப்பு வெளிச்சத்தில் கண் கூசும், கையெல்லாம் ஈரம். அதனால் குரல்தான். 'நான் சந்தனச்செல்வி பேசுதேன். இன்னைக்கி நம்ம பக்கம் இடிமழைக்கு எழுபது சதம்' என்று கேட்டால் போதும். செல்போனுக்கு அரசாங்கத்துச் செய்தியும் வரத்தான் செய்யும். அதில் மாவட்டம் முழுக்க 'ஓரிரு இடங்களில்' என்று இருக்கும். அந்த ஓரிரு இடம் தன் அளமா, அடுத்தவன் அளமா என்றல்லவா அளக்காரனுக்குத் தெரிய வேண்டும்.

சதவீதக் கணக்கை முதலில் கேலி பண்ணியவர் தாணுலிங்கம் அண்ணாச்சி. உடன்குடிப் பனங்காட்டிலிருந்து வந்து பலசரக்குக் கடை வைத்து, அப்புறம் அளமும் வாங்கியவர். "எழுபதுன்னா என்ன அர்த்தம்? வருமா வராதா, ஒரு பேச்சாப் பேசு தாயி" என்பார். ஒரு கோடை முழுக்க அவள் சொன்னது சொன்னபடி நடந்ததும் அவரே ஒரு சட்டம் போட்டார். 'அறுபதுக்கு மேல சொன்னா ஓடு, கீழ சொன்னா ஒறங்கு.' அளம் முழுக்க அதுவே சட்டமாயிற்று.

ஓடு என்றால் எங்கே ஓடுவது? அங்கேதான் வினை.

மழை வருகிறது என்றால் உலகம் வீட்டுக்குள் போகும். எங்கள் அளம் மட்டும் வீட்டை விட்டு வெளியே ஓடும். விடியும் முன்னே இறங்கி, வெயில் ஏறுமுன் வேலையை முடித்து, வீட்டுக்குப் போய்க் கால் நீட்டியிருக்கும் பெண்களைப் போன் போட்டுக் கூப்பிட்டு, வேனில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். அம்பாரத்தைத் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும் அல்லவா? அளத்தில் மரம் கிடையாது, அங்கங்கே ஒரு தகர மோட்டார் செட்டைத் தவிரக் கட்டடம் கிடையாது. பார்க்கிற தூரமெல்லாம் தட்டையான தண்ணீர். அதில் உயரமான பொருள் உப்பு அம்பாரம். அந்த அம்பாரத்தின் உச்சியில் தார்ப்பாயின் நுனியைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி நிற்பாள். மேலே மேகம் உறுமும்.

சந்தனச்செல்விக்கு இது தெரியாமல் இல்லை. பங்குனியில் ஒருநாள் எண்பது என்று சொன்னபோது, 'இடி பலமா இருக்கும், அளத்துல யாரும் நிக்காதிய, உப்பு போனாப் போவட்டும்' என்றும் சேர்த்துத்தான் சொன்னாள். அன்றைக்கும் வேன் ஓடியது. முத்துச்செல்வத்தின் அளத்தில் உச்சியில் நின்றவள் செல்லத்தாய். வேலைக்கு வருகிற பெண்களுக்கெல்லாம் தலைவி மாதிரி அவள். பக்கத்து வரப்பில் மின்னல் இறங்கியது. செல்லத்தாய் அம்பாரத்திலிருந்து உருண்டு விழுந்தாள். உயிர் தப்பியது, இடது காது போய்விட்டது.

சந்தனச்செல்வி சொதியும் சோறும் ஆக்கி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

"அக்கா, நான் போவாதியன்னுதான சொன்னேன்? கேக்கலயா?"

"இந்தப் பக்கம் வந்து பேசு தாயி. அந்தக் காது அவுட்டு" என்று செல்லத்தாய் சிரித்தாள். "கேட்டேன் கேட்டேன். மழைன்னு காதுல விழுந்த பொறவு மத்த பேச்சு எங்க உள்ள போவும்? வேன்காரன் வாசல்ல வந்து ஆரன அடிக்கான். நீ சொன்னதுனாலதான் ஓடுனோம். இல்லன்னா வீட்டுல சும்மால்ல கெடந்திருப்போம். ஒன் புண்ணியத்துல உப்பு தப்பிச்சிட்டு."

நன்றியாகத்தான் சொன்னாள். ஒரு சொட்டு வஞ்சகம் அதில் கிடையாது. சந்தனச்செல்வி சோற்றைப் பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்த கையை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரும்பி வரும்போது ஆட்டோவில் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள்.

"எங்க ஊர்ல இடின்னா வீட்டுக்கு ஓடுவாவ அண்ணாச்சி. நான் அத நெனச்சித்தான இத்தன நாளும் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

அதன் பிறகு மத்தியானத்தில் அவள் குரல் போடுவதில்லை. விடியற்காலையில் மட்டும் சொல்வாள். ஆட்கள் அளத்தில் இருக்கும்போதே மூடிவிட்டுப் போகட்டும் என்பது அவள் கணக்கு. ஆனால் விடியற்காலையில் அந்தக் காற்றுகள் எழுந்திருக்கவே இல்லையே! அப்போது அவளுக்குத் தெரிவதெல்லாம் முப்பது, நாற்பதுதான். முப்பதுக்கு யார் மூடுவார்கள்? புதிதாக வாரிப்போட்ட உப்பு தண்ணீர் வடிந்து காய வேண்டும், மூடினால் ஈரம் தங்கிவிடும். முத்துச்செல்வமே மூடவில்லை.

"நாள் தவறாம முப்பது முப்பதுன்னா மனுசன் என்னளா செய்வான்?" என்று கத்தினான். "மத்தியானம் தெளிவாத் தெரியுமுல்லா, அப்பம் சொல்லு. தாணுலிங்கம் அண்ணாச்சி பாக்கும்போதெல்லாம் கேக்காரு."

"மத்தியானம் சொன்னா ஓடுவிய."

"ஓடத்தான் செய்வோம். பின்ன உப்ப ஆத்துல விடவா?"

அவள் லேப்டாப்பை மூடினாள்.

சித்திரை பாதி தாண்டிய ஒருநாள். முத்துச்செல்வத்துக்கு அந்தப் பருவத்தின் நல்ல உப்பெல்லாம் அம்பாரமாகக் கிடந்தது. மறுநாள் என் லாரிகள் ஏற்ற வேண்டும். குத்தகையை அடுத்த வருசத்துக்கும் பிடித்து வைப்பது அந்த உப்பில்தான் இருந்தது. காலையில் உப்பைப் பார்க்க நான் போயிருந்தேன். காற்றே இல்லை. வியர்வை நெற்றியில் வழியாமல் அப்படியே நின்றது. வலது காதுப் பக்கம் போனை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த செல்லத்தாய் என்னைப் பார்த்ததும் சொன்னாள்.

"இன்னைக்கும் முப்பத்தஞ்சாம் அண்ணாச்சி. ஒறங்குக கணக்கு."

"நீ என்ன சொல்லுத?"

"நான் என்னத்தச் சொல்ல? எனக்கு இந்தப் புழுக்கம் புடிக்கல. ஆனா புழுக்கம் தெனமுந்தான் இருக்கு."

பெண்கள் தூக்குச்சட்டியைத் திறந்து பழைய சோறும் காணத் துவையலும் சாப்பிட்டார்கள். காலை நீட்டி, பாதத்து வெடிப்பில் தேங்காய் எண்ணெய் தேய்த்தார்கள். வெயில் ஏறுமுன் வேன் வந்து அள்ளிக்கொண்டு போயிற்று. அம்பாரம் திறந்தே கிடந்தது, கண்ணைப் பறிக்கிற வெள்ளையாக.

மத்தியானம் முத்துச்செல்வம் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. சாளை மீன் குழம்பு. நான் அடுப்படி ஓரம் பலகையில் உட்கார்ந்திருந்தேன். அவன் முற்றத்தில் கை கழுவிக்கொண்டிருந்தான். அப்போதுதான் மேற்கே பார்த்தேன்.

அந்த மாதிரி ஒன்றை என் ஆயுசில் பார்த்ததில்லை. மேற்குத் திசை முழுக்க ஒரே மேகம். உச்சி வெள்ளை வெளேரென்று பஞ்சுப்பொதி மாதிரி மேலே மேலே பொங்கிக்கொண்டே போகிறது. அடிவயிறு நாவல்பழக் கறுப்பு. நாம் பார்க்கப் பார்க்க வளர்கிறது. ஒரு ஊரையே தூக்கி நிறுத்தினது போல் இருந்தது. பயமா, ஆசையா என்று தெரியவில்லை, கும்பிட வேண்டும் போல இருந்தது.

ஆனால் மேற்கே கறுத்தால் மேற்கேயே பெய்துவிட்டுப் போவதும் எங்களுக்குப் பழக்கம். அதனால் யாரும் மேகத்தை நம்பமாட்டார்கள். சந்தனச்செல்வியைத்தான் கேட்பார்கள். அவள் போன் அடிக்க ஆரம்பித்தது. நின்றால் இன்னொன்று, அது நின்றால் மற்றொன்று.

லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். ரேடார் படத்தில் வல்லநாட்டிலிருந்து கிழக்கே ஒரு சிவப்புத் திட்டு, அதன் நடுவே ஊதா. எனக்கே புரிந்தது. அது ஆடி அசைந்து வரவில்லை, ஓடி வந்துகொண்டிருந்தது.

"எத்தன சதம் தங்கச்சி?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"இனிமே சதம் என்ன அண்ணாச்சி. வந்தாச்சி. அவிய வேன்ல ஏறி, அளத்துக்குப் போயி, தார்ப்பாயப் பிரிக்கதுக்கும் அது தலைக்கு மேல நிக்கதுக்கும் சரியா இருக்கும்."

முத்துச்செல்வம் ஈரக்கையோடு வாசற்படியில் வந்து நின்றான். கையில் பைக் சாவி.

"என்னளா? மேக்க ஒரேயடியாக் கறுத்துருக்கு. தாணுலிங்கம் அண்ணாச்சி எனக்கும் போன் போட்டுட்டாரு. செல்லத்தாய்க்குச் சொல்லி ஆளுவளக் கூட்டணுமா? வருமா, வராதா?"

அவள் அவனைப் பார்த்தாள். அவன் பாதத்தைப் பார்த்தாள். அந்தக் காலில் செருப்பு மாட்டியாயிற்று. பிறகு போனை எடுத்து, பட்டனை அமுக்கிக்கொண்டு, அவன் கண் முன்னாலேயே பேசினாள்.

"நான் சந்தனச்செல்வி பேசுதேன். மேக்க கறுத்துருக்குன்னு எல்லாரும் கேக்கிய. அது நம்ம பக்கம் வராது. கடக்காத்து தள்ளிரும். அங்கனயே பெய்ஞ்சி கரைஞ்சிரும். இன்னைக்கி நம்ம அளத்துல மழ இல்ல. யாரும் ஓட வேண்டாம்."

சிவப்புத் திட்டு என் கண் எதிரே நகர்ந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

"நெசமா இல்லியா?" என்றான் முத்துச்செல்வம்.

"இல்ல. உக்காந்து சாப்பிடுங்க."

அவன் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தான். அவள் சோறு போட்டாள். குழம்பு இலைக்கு வெளியே கொட்டியது. அவன் கவனிக்கவில்லை. இவ்வளவு காலம் சம்பாதித்த சொல்லையும், அவன் ஒரு கோடை உழைப்பையும் ஒரே மூச்சில் கொட்டிக் கவிழ்த்துவிட்டு, அவனுக்கு இன்னொரு துண்டு மீன் வைக்கிறாள்.

அப்போதுதான் உறைத்தது. தாணுலிங்கம் அண்ணாச்சி அளத்தில் என் லாரி ஒன்று நிற்கிறது. வாசலுக்குப் போய் டிரைவருக்குப் போன் போட்டேன்.

"ஏலே, பின் டயருல காத்து எறங்கிருக்காம், இப்பம்தான் ஒருத்தன் பாத்துட்டுச் சொன்னான். லோடுமேன் எல்லாரையும் ஏத்திக்கிட்டு ஒடனே லாரி செட்டுக்கு வா. ஒடனேன்னா ஒடனே."

"டயரு நல்லாத்தான அண்ணாச்சி இருக்கு?"

"வாரியா, வேற ஆளப் பாக்கவா?"

வந்தான். பொய் ஒட்டுவாரொட்டி போலிருக்கிறது.

முத்துச்செல்வம் சாப்பிட்டு எழுந்திருக்கும்போது கடல்காற்று நின்றது. வேப்பமரத்தில் ஓர் இலை ஆடவில்லை. பிறகு மேற்கேயிருந்து ஒரு குளிர்ந்த காற்று, மண்வாசத்தோடு, கதவுகளைப் படார் படார் என்று அறைந்துகொண்டு வந்தது. முத்துச்செல்வம் மொட்டை மாடிக்கு ஓடினான். நாங்களும் பின்னால் ஏறினோம்.

அங்கிருந்து பார்த்தால் அளம் முழுக்கத் தெரியும். மேலே கன்னங்கறுப்பு. கீழே பாத்திகளில் அதே கறுப்பு. நடுவில் அம்பாரங்கள் மட்டும் விளக்குப் போட்டது மாதிரி வெள்ளையாக ஒளிர்ந்தன. ஓர் ஆள் இல்லை. ஒரு வேன் இல்லை. பூநாரைக் கூட்டம் ஒன்று எழும்பிக் கடலைப் பார்த்துப் போயிற்று.

முதல் மின்னல் இறங்கியபோது வானத்தில் ஒன்றும் தண்ணீரில் ஒன்றுமாக இரண்டு மின்னல் தெரிந்தது. அப்புறம் எண்ண முடியவில்லை. கால் வைத்து நடப்பது போல ஒவ்வொரு பாத்தியாக நடந்து வந்தது. இடி காதில் கேட்கவில்லை, நெஞ்செலும்பில் கேட்டது. இவ்வளவு பெரிய ஒன்றின் கீழேயா இத்தனை வருசம் நாம் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்றோம் என்று எனக்கு அழுகை முட்டியது.

முத்துச்செல்வத்தின் மோட்டார் செட்டு தகரக்கூரை போட்டது, அம்பாரத்தை ஒட்டி நிற்கும். அதன் மேல் ஒரு மின்னல் நட்டுக்குத்தலாக இறங்கியது. கண்ணைத் திறந்து பார்க்கும்போது கூரை பிளந்து தீ எரிந்துகொண்டிருந்தது. அப்புறம் மழை வந்து எல்லாவற்றையும் மூடியது.

"தார்ப்பா அதுக்குள்ளதான் கெடக்கு" என்றான் முத்துச்செல்வம். மழையில் நனைந்துகொண்டே நின்றான். "நான் போயிருந்தா மொதல்ல அதுக்குள்ளதான் போயிருப்பேன்."

அவன் திரும்பி அவளைப் பார்த்தான்.

"ஒனக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சேதான் சொன்னியா?"

"ஆமா. நீங்க செருப்ப மாட்டிட்டிய."

அவன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தான். உப்புக்காக அழுதானா, உயிருக்காக அழுதானா தெரியாது. அவளும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். நான் கீழே இறங்கிவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் தாணுலிங்கம் அண்ணாச்சி அளத்து முக்கில் நின்று கொதித்துக்கொண்டிருந்தார். அவர் அம்பாரமும் முழங்காலுக்கு வந்திருந்தது. கூட நாலைந்து அளக்காரர்கள் நின்றார்கள்.

"என்ன தாயி இது? சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிஞ்சிது, ஒனக்குத் தெரியலயா? கோடி வீட்டு நாயி கொலைச்சிது, ஒன் கம்ப்யூட்டரு கொலைக்கலயா? ஒன் பேச்ச நம்பி எல்லாரும் தெருவுல நிக்கோம்."

"தப்பிப்போச்சி அண்ணாச்சி" என்றாள் சந்தனச்செல்வி. தலையைக் குனியவில்லை.

நான் சொல்லியிருப்பேன். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் முத்துச்செல்வம் முன்னால் வந்தான். கண் வீங்கியிருந்தது.

"கணக்கு தப்பிருச்சி, விடுங்க அண்ணாச்சி. வானத்தக் கண்டவன் யாரு? எனக்கும்தான் போச்சி. என் வீட்டுல நான் ஒண்ணும் கேக்கல, நீங்களும் கேக்காதிய."

"இனிமே இந்தப் பிள்ள பேச்ச எவன் கேப்பான்!" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி வண்டியை எடுத்தார். மற்றவர்களும் போனார்கள். ஒவ்வொருவராகக் குழுவிலிருந்து வெளியேறுகிற செய்தி அவள் போனில் டிங் டிங் என்று வந்தது. அவள் அதை அணைத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

செல்லத்தாயும் பெண்களும் வரப்பில் தள்ளி நின்று எல்லாவற்றையும் பார்த்தார்கள். ஆண்கள் போனதும் செல்லத்தாய் வந்தாள். கருகிக் கிடந்த மோட்டார் செட்டையும், உருகி ஒட்டிப்போன தார்ப்பாயையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு இரண்டு மகள்கள், இரண்டு பேருக்கும் இதே அளத்தில்தான் வேலை.

"தாயி, நீ நேத்துப் பேசுனத ரெண்டு தடவ போட்டுக் கேட்டேன்."

"அதான் தப்பிப்போச்சே அக்கா."

"எனக்குக் காது ஒண்ணுதான் இருக்கு. அந்த ஒண்ணு நல்லாக் கேக்கும்." குரலைத் தணித்தாள். "மழ இல்லன்னு சொல்லுகவ கொரலா தாயி அது? அழுகைய அடக்கிக்கிட்டுல்லா பேசுத. வேன்காரனுக்கு நான் போனே எடுக்கல. மகளுவ ரெண்டு பேரையும் உள்ள வச்சிக் கதவப் பூட்டி, சாவிய மடியில சொருவிக்கிட்டேன்."

சந்தனச்செல்வி செல்லத்தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். உப்பு தின்று தின்று வெடித்த கை.

"இவளுவகிட்டயும் சொல்லிட்டேன்" என்று செல்லத்தாய் பெண்களைக் காட்டினாள். அவர்கள் தலையாட்டினார்கள். "முதலாளிமாரு கேட்டாக் கேக்கட்டும், கேக்காட்டாப் போவட்டும். நீ நிறுத்தாம சொல்லு. அந்தக் கொரல்ல நீ மழ இல்லன்னு சொல்லுக அன்னைக்கி, எங்கள்ல ஒருத்தியும் வாசப்படி தாண்ட மாட்டோம்."

சொல்லிவிட்டு வாருபலகையை எடுத்துக்கொண்டு, மழைத்தண்ணீர் நிற்கிற பாத்தியில் இறங்கினாள்.